டிரான்ஸ்பார்மரின் பக்கத்துப் பெட்டி

கரண்ட் ஆபீசில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போடியில் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். மீட்டர் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது ஒன்று. முன்னெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பல்பு ஏன் அப்படி மஞ்சளாக அழுது வடிந்தது, இப்போது ஏன் அப்படி இல்லை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. என் வீட்டு மீட்டரும் அப்படித்தான் ஓடுகிறது. இரண்டாவதற்குப் பல காரணங்கள் உண்டு. புது லைன்கள், புது சப் ஸ்டேஷன்கள், கெப்பாசிட்டர்கள் என்று பெரிய பட்டியல் போடலாம். ஆனால் அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒரு பெட்டி இருக்கிறது. அதோடு நான் 34 வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்றைக்கு.

1982-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை. நாமெல்லாம் மதுரை மாவட்டம். ட்யூப் லைட் போட்டால் ஸ்டார்ட்டர் சிமிட்டிக்கொண்டே இருக்கும், ஸ்டூல் போட்டு ஏறி விரலால் ஒரு சுண்டு சுண்டினால்தான் எரியும் என்ற காலம். நினைவிருக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். 240 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 180 வரும், மலை ஓரத்துக் கடைசி வீடுகளில் 160 கூட வரும். ஒரு பக்கம் சில்லமரத்துப்பட்டி, ராசிங்காபுரம், சிலமலை என்று தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். இன்னொரு பக்கம் டவுனுக்குள் ஏலக்காய் புடைத்துத் தரம் பிரிக்கிற இடங்கள். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பச்சையையும் வெளுத்ததையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் பழுப்புக் காயும் பச்சைக் காயும் ஒன்றுபோலத் தெரியும். அந்தக் கடைக்காரர்கள் போன் செய்து திட்டுவதை வாங்கிக்கொள்வதே எங்கள் சாயங்கால ஷிப்டின் பாதி வேலை.

அப்போது கன்ட்ரோல் ரூமில் எங்களிடம் இருந்த ஆயுதம் ஒரு ஸ்விட்ச். ஒரு பக்கம் திருப்பினால் வோல்டேஜ் ஏறும், மறுபக்கம் திருப்பினால் இறங்கும். திருப்பினதும் வெளியே யார்டில் டிரான்ஸ்பார்மரை ஒட்டிய பெட்டியில் மோட்டார் ஒன்று சில வினாடி "ர்ர்ர்" என்று சுற்றும். கடைசியில் "டக்" என்று ஒரு வெட்டு. முள் ஒரு கோடு நகரும். அந்தப் பெட்டிதான் டேப் சேஞ்சர். நாங்கள் ஓ.எல்.டி.சி. என்போம்.

அது செய்கிற வேலை சொல்வதற்கு எளிது. டிரான்ஸ்பார்மருக்குள் ஒரு பக்கம் நிறையச் சுற்று, மறுபக்கம் குறைந்த சுற்று. எங்கள் பக்கம் 110 கிலோவோல்ட்டில் வருவதை 22 அல்லது 11 ஆகக் குறைப்பார்கள். மேலிருந்து வருவது 110-க்குப் பதில் 102 என்று சோர்ந்து வந்தால், 110 பக்கத்துச் சுற்றில் சிலவற்றைக் கழித்துவிட வேண்டும். கீழே வருவது சரியாகிவிடும். அதற்காக அந்தச் சுருளிலிருந்து பதினேழு இடத்தில் கம்பியை வெளியே இழுத்து வைத்திருப்பார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 1.25 சதவீதம் வித்தியாசம். எந்தப் படியில் நிற்பது என்பதுதான் கேள்வி.

கஷ்டம் எங்கே என்றால், ஊருக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போதே படி மாற வேண்டும். கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் ஓடும்போது மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கல்லுக்குக் கல் தாண்டியவர்களுக்கு இது புரியும். பழைய கல்லிலிருந்து காலை எடுத்துவிட்டு அப்புறம் அடுத்த கல்லைத் தேடினால் ஆற்றில் விழ வேண்டியதுதான். ஊரே ஒரு கணம் இருண்டு, அந்த இடைவெளியில் பெரிய தீப்பொறி பிறக்கும். சரி, முதலில் அடுத்த கல்லில் ஒரு காலை வைத்துவிட்டு அப்புறம் பழையதை எடுக்கலாம் என்றால், மின்சாரத்தில் அதுவும் ஆபத்து. இரண்டு படிக்கும் நடுவே எங்கள் டிரான்ஸ்பார்மரில் ஏறக்குறைய 800 வோல்ட் இருக்கும். இரண்டிலும் கால் வைத்தால் அந்தச் சுற்றுகள் ஷார்ட் ஆகி எரிந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனிக்காரர் பெர்ன்ஹார்ட் யான்சன். 1920களின் பிற்பாதியில், டான்யூப் நதிக்கரையில் இருக்கும் ரேகன்ஸ்பர்க் ஊரில், ரெய்ன்ஹவுசன் கம்பெனிக்காக அவர் செய்த ஏற்பாடு இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. இரண்டு படியிலும் கால் வைக்கிற அந்த ஒரு கணம் மட்டும், நடுவில் ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிடுவது. ஷார்ட் கரண்ட் அதில் அடங்கிவிடும். ஆனால் அந்த ரெசிஸ்டர் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். அதனால் மொத்தத் தாண்டலும் 40 முதல் 60 மில்லி செகண்டுக்குள், அதாவது ஒரு வினாடியில் பதினாறு, இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட வேண்டும். மோட்டாரை நம்பினால் அந்த வேகம் கிடைக்காது. மோட்டார் சும்மா ஒரு ஸ்பிரிங்கை இழுத்து முறுக்கேற்றும். முழுக்க ஏறியதும் ஸ்பிரிங் விடுபட்டு ஒரே வெட்டில் தாண்டிவிடும். நாங்கள் கேட்ட "டக்" அதுதான். தாண்டுகிற பாகத்துக்குப் பெயர் டைவர்ட்டர் ஸ்விட்ச்.

யான்சன் கொடுத்த ரெசிஸ்டர் ஷார்ட்டைத் தடுத்தது, தீப்பொறியைத் தடுக்கவில்லை. காண்டாக்ட் பிரியும்போதெல்லாம் ஆர்க் பிறக்கும். அதை அணைக்க எண்ணெய். எண்ணெய்க்குள் ஆர்க் எரிந்தால் எண்ணெய் உடைந்து ஹைட்ரஜனும் அசிட்டிலினும் கிளம்பும், மிச்சம் கரியாகத் தங்கும். தினம் பத்துப் பன்னிரண்டு தடவை இது நடக்கிறது என்று வையுங்கள். அந்தக் கரி டிரான்ஸ்பார்மரின் நல்ல எண்ணெயில் கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் டைவர்ட்டருக்குத் தனித் தொட்டி, தனி எண்ணெய், மேலே தனியாக ஒரு குட்டி கன்சர்வேட்டர்.

அந்தத் தொட்டியைத் திறப்பது எங்கள் ஃபோர்மேன் அண்ணனின் ராஜ்ஜியம். பெயர் வேண்டாம், குடும்பத்தார் ஊரில் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்து, லோயர் கேம்ப் பெரியாறு பவர் ஹவுஸ் கட்டும்போது சிமெண்ட் சுமந்து, அங்கிருந்து ஹெல்பராகி, எங்களுக்கெல்லாம் குருவாக வந்தவர். மூடியைத் திறந்தால் வரும் வாடையை அவர் முகர்ந்து பார்ப்பார். கரியும் கருகலும் கலந்த ஒரு புளித்த வாடை. எண்ணெய் சோயா சாஸ் போல இருக்கும். உள்ளே இருக்கும் கூண்டை செயின் பிளாக்கில் தூக்கி வெளியே வைத்து, புது எண்ணெயால் கழுவி, துணியால் துடைத்து, ஒவ்வொரு காண்டாக்டையும் கட்டை விரலால் தடவி எத்தனை தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். பிறகு நாங்கள் அளந்து பார்ப்போம். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் வரும். ரேகைக்குள் ஏறிய கரி நாலு நாள் போகாது. அந்தக் கையோடு சாப்பிட மாட்டார், ஸ்பூன் வைத்திருப்பார். யார்டில் ஸ்பூனால் சோறு சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

இதற்கு டிரான்ஸ்பார்மரை ஒரு நாள் முழுக்க நிறுத்த வேண்டும். எந்த நாளில் நிறுத்துவது? அங்கேதான் சண்டை. ஆனி, ஆடியில் பாசன மோட்டார். ஆவணியிலிருந்து தை வரை மலையில் ஏலக்காய் எடுப்பு, டவுனில் ஏலக்காய் வியாபாரம். மாசி, பங்குனியில் பரீட்சை. சித்திரையில் பரமசிவன் கோயில் திருவிழா. ஷட் டவுன் அறிவிப்பு பேப்பரில் வந்த அன்றைக்கே ஆள் வந்துவிடும். "சார், இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்." அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போகும். இதில் யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. தொட்டிக்குள் கரி மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது.

1987 ஐப்பசியில், நல்ல மழை நாளில், நான் வேலை பார்த்த அந்த சப் ஸ்டேஷனில் சாயங்கால ஷிப்ட். வோல்டேஜை ஒரு படி ஏற்ற ஸ்விட்சைத் திருப்பினார் ஆபரேட்டர். மோட்டார் சுற்றிற்று. "டக்" வரவில்லை; "டொப்" என்று ஒரு மொட்டைச் சத்தம் வந்தது. ஃபோர்மேன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பி கேட் வரை போனவர், அந்தச் சத்தம் கேட்டு, சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். "நிறுத்து, நிறுத்து, அது பாதியில நிக்குது!" அவர் கன்ட்ரோல் ரூம் படி ஏறுவதற்குள் ஆயில் சர்ஜ் ரிலே வேலை செய்து டிரான்ஸ்பார்மரை வெட்டிவிட்டது. போடி இருட்டானது.

மறுநாள் திறந்து பார்த்தோம். ஸ்பிரிங் உடைந்து டைவர்ட்டர் பாதித் தாண்டலில் நின்றிருக்கிறது. மில்லி செகண்டுக் கணக்கில் தாங்க வேண்டிய ரெசிஸ்டர் அத்தனை சுமையையும் தாங்கி, பழுத்து, அறுந்து, அந்த இடத்தில் ஆர்க் நின்று எரிந்திருக்கிறது. ரிலே மட்டும் வெட்டாமல் விட்டிருந்தால் தொட்டியே பிளந்திருக்கும். மூன்று அடி தள்ளித்தான் எங்கள் ஹெல்பர் பையன் பிரீதரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். அன்றைக்கு ராத்திரி அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

உதிரிப் பாகம் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் இன்னொரு டிரான்ஸ்பார்மரை வைத்து ஒப்பேற்றினோம். பீடர்களுக்கு முறை வைத்து இரண்டு மணி நேரம் கரண்ட், இரண்டு மணி நேரம் இல்லை. மலைப்பக்கம் போகும் பீடருக்குக் கரண்ட் போன நேரத்திலும் வோல்டேஜ் கடைசியில் 150-ஐத் தாண்டவில்லை.

ஏலக்காய் தெரியாதவர்கள் நம் ஊரில் கிடையாது என்றாலும் வெளியூர்ப் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பறித்த பச்சைக்காயை அன்றைக்கே ஸ்டோரில் ஏற்ற வேண்டும். கீழே விறகுச் சூடு, மேலே ஈரக்காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி. சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோவாகும். ஈரக்காற்று வெளியே போகாமல் உள்ளேயே நின்றால் காய் வெந்தது போலாகி, பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் விலையும் போய்விடும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, குரங்கணிப் பக்கம் சின்னதாகத் தோட்டமும் ஸ்டோரும் வைத்திருந்த ஒருவர் ஆபீசுக்கு வந்தார். வேட்டி முழுக்க சேறு. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். அவர் மடியிலிருந்து ஒரு கை ஏலக்காயை எடுத்து மேஜை மேல் வைத்தார். எல்லாம் பழுப்பு. "மகளுக்குத் தைல கல்யாணம் வச்சிருக்கேன் சார்" என்றார். அவ்வளவுதான். அந்தக் காயை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஃபோர்மேன் அண்ணன் அதை எடுத்து ஒரு கவரில் போட்டு, கன்ட்ரோல் ரூம் அலமாரியில் லாக் ஷீட் நோட்டுகளுக்கு மேல் வைத்தார். அவர் ரிட்டயர் ஆகும் வரை அந்தக் கவர் அங்கேதான் இருந்தது.

இனி வேக்கம் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆர்க் எரிய ஏதாவது ஒரு பொருள் வேண்டும். எண்ணெயில் எண்ணெயின் வாயு, காற்றில் காற்று. ஒன்றுமே இல்லாத இடத்தில் காண்டாக்டைப் பிரித்தால் என்ன ஆகும் என்ற யோசனை பழசு. 1926-லேயே அமெரிக்காவில் கால்டெக்கில் ராயல் சோரன்சன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் மெண்டன்ஹாலும் வெற்றிடத்துக்குள் ஸ்விட்ச் வைத்துச் சோதனை செய்து, வேலை செய்கிறது என்று எழுதிவிட்டார்கள். பாருங்கள், யான்சன் எண்ணெய்க்குள் ரெசிஸ்டரை வைத்த அதே சமயம். ஆனால் அந்த வெற்றிடத்தைக் காப்பாற்ற அன்றைக்குத் தொழில்நுட்பம் இல்லை. உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் வாயு மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வரும். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் ஒட்டுப் போட்ட இடத்தில் காற்று புகும். முப்பது வருடம் கழித்து, 1950களிலும் 60களிலும் ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற கம்பெனிகள் அதைச் சரிசெய்த பிறகுதான் விற்கிற சரக்காக வந்தது. நம் நாட்டிலும் பெங்களூரில் பி.எச்.இ.எல். அந்தக் குடுவைகளைச் செய்ய ஆரம்பித்தது.

எங்கள் யார்டுக்கு முதலில் வந்தது டேப் சேஞ்சராக அல்ல, பிரேக்கராக. 1992 வாக்கில் பழைய ஆயில் பிரேக்கர்களைக் கழற்றிவிட்டு 22 கே.வி. வேக்கம் பிரேக்கர் வைத்தார்கள். உள்ளே ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று பீங்கான் குடுவை. நாங்கள் வேக்கம் பாட்டில் என்போம். ஒரு லிட்டர் ஹார்லிக்ஸ் பாட்டில் பருமன்தான். ஃபோர்மேன் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திறக்க ஒரு ஸ்குரூ கூடக் கிடையாது.

"ஏன் தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லைங்கிற. அப்ப எதுதான் நெருப்பை அணைக்குது?"

நல்ல கேள்வி. பதில் இதுதான். காண்டாக்ட் பிரிகிற கடைசிப் புள்ளியில் செம்பு கொஞ்சம் ஆவியாகும். அந்த ஆவியில்தான் ஆர்க் எரிகிறது. நம் கரண்ட் ஒரு வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டு வருவது. அந்தப் பூஜ்யம் வந்ததும் ஆவி பிறப்பது நின்று, மிச்ச ஆவி மைக்ரோ செகண்டுகளில் காண்டாக்ட் மேலேயும் சுற்றியுள்ள தகட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி வோல்டேஜ் ஏறும்போது நடுவில் ஒன்றும் இல்லை; தாண்ட முடியாது. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. எண்ணெயில் ஆர்க் எரிய வேண்டிய வோல்டேஜை விட இங்கே மிகக் குறைவு என்பதால் சூடும் குறைவு, தேய்மானமும் குறைவு. கரி வர வழியே இல்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அவர், "சரி, காத்து உள்ள புகுந்துட்டா எப்படித் தெரியும்?" என்றார். திறந்து நிற்கும்போது இரண்டு முனைக்கும் ஹை வோல்டேஜ் கொடுத்துப் பார்க்க வேண்டும், தாங்கினால் நல்லது என்றேன். "அப்ப மோந்து பாத்துச் சொல்ல முடியாது" என்றார். முடியாது.

பிரேக்கருக்கு 60களிலேயே வந்த வேக்கம் டேப் சேஞ்சருக்கு வர ஏன் இத்தனை காலம்? எனக்கே இந்தச் சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. கணக்குப் போட்டால் புரியும். ஒரு பிரேக்கர் வாழ்நாளில் பத்தாயிரம், இருபதாயிரம் தடவை வேலை செய்தால் பெரிது. டேப் சேஞ்சர் லட்சக்கணக்கில் தாண்ட வேண்டும். பாட்டிலின் அசையும் முனையை வெளியிலிருந்து இழுக்க, காற்றும் புகாமல் இருக்க, மெல்லிய ஸ்டீலில் ஹார்மோனியத் துருத்தி போல ஒரு மடிப்புக் குழாய் உண்டு. ஒவ்வொரு தடவையும் அது நீண்டு சுருங்கும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கடைசியில் முறிகிற மாதிரி, அந்த மடிப்பும் அலுத்துப்போய் விரியும். லட்சம் தடவைக்கு அலுக்காத மடிப்பு வேண்டும். அதுவும் சூடான எண்ணெயில் மூழ்கிக்கொண்டு, பழைய தொட்டியின் அளவுக்குள் அடங்கி, ஃபேஸுக்கு ஒன்றுக்கு மேல் பாட்டில் வைத்து, விலையும் கட்டுப்படியாக வேண்டும்.

அமெரிக்காவில் ரெசிஸ்டருக்குப் பதில் ரியாக்டர் வைத்த டேப் சேஞ்சர்களில் முதலில் வேக்கம் நிலைத்தது. ஜப்பானிலும் 1980கள் வாக்கில் வந்துவிட்டது. யான்சனின் அதே ரெய்ன்ஹவுசன் கம்பெனி, ஃபேஸுக்கு இரண்டு பாட்டில் வைத்து ரெசிஸ்டர் வகையில் 'வேக்குடேப்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது 2000-த்தில். ரேகன்ஸ்பர்க் என்றதும் தூரத்து ஊர் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கம்பெனியின் கூட்டில் ஈசன்-எம்.ஆர். என்று சென்னைக்குப் பக்கத்தில் திருநின்றவூரிலேயே டேப் சேஞ்சர் செய்தார்கள். புனேயில் சி.டி.ஆர். கம்பெனியும் செய்கிறது.

அது வந்த நேரமும் நல்ல நேரம். 2000-த்துக்குப் பிறகு ஆண்டிபட்டி, கண்டமனூர், கம்பம் கணவாய்ப் பக்கமெல்லாம் காற்றாலை முளைத்ததைப் பார்த்திருப்பீர்கள். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை காற்று வாரிக்கொண்டு போகும். நின்றால் சட்டென்று நிற்கும். காற்று ஏறினால் வோல்டேஜ் ஒரு மாதிரி, விழுந்தால் இன்னொரு மாதிரி. அதற்குள் எங்கள் கைத்திருப்பல் போய், வோல்டேஜைப் பார்த்துத் தானாகவே படி மாற்றும் ரிலே வந்துவிட்டது. முன்னால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தாண்டிய டேப் சேஞ்சர், காற்றுக் காலத்தில் முப்பதைத் தொட்டதை நான் கவுன்ட்டரில் பார்த்திருக்கிறேன். எண்ணெய் வகை அத்தனையும் கரியாக மாற்றிவிடும். காற்றாலை நல்லது என்று பேசுகிறவர்கள் இந்தக் கரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. போகட்டும், நிலக்கரி சாம்பலோடு ஒப்பிட்டால் இது ஒரு கைப்பிடிதான்.

2013-ல் எங்களுக்கு ஒரு புது டிரான்ஸ்பார்மர் வந்தது, வேக்கம் டேப் சேஞ்சரோடு. நான் அப்போது ரிட்டயர் ஆக மூன்று வருடம் இருந்தது. இணைத்து ஓடவிட்ட அன்றைக்கு நான் வேண்டுமென்றே யார்டில் போய் நின்றேன். மோட்டார் சுற்றுகிறது. ஸ்பிரிங் விடுபடும் சத்தம் இதிலும் உண்டு, ஆனால் நான் பழகிய அந்த வெட்டு இல்லை. கொஞ்சம் கம்மலாக இருந்தது. ஒரு வருடம் கழித்து எண்ணெய் மாதிரி எடுத்தார்கள். தேங்காய் எண்ணெய் போலத் தெளிவாக இருந்தது. எடுத்த பையன் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றது நான்தான்.

மூன்று லட்சம் தாண்டல் வரை திறக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நாளுக்கு இருபது என்று போட்டால் வருடத்துக்கு 7,300. மூன்று லட்சத்துக்கு 41 வருடம். இன்றைக்கு வேலைக்குச் சேருகிற பையன் ரிட்டயர் ஆகும் வரை அந்த மூடியைத் திறக்காமலே போகலாம். ஆனி ஷட் டவுனா, ஆவணி ஷட் டவுனா என்ற சண்டையும் பாதி குறைந்தது.

ஆனால் இதைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். "மெயின்டனன்ஸ் ஃப்ரீ" என்ற வார்த்தையை எழுதியவர் யார்டில் வேலை பார்த்தவராக இருக்க முடியாது. பாட்டில்தான் அப்படி. படியைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் காண்டாக்டுகள் எண்ணெயில்தான் இருக்கின்றன. பல மாதம் ஒரே படியைத் தொடாமல் விட்டால் அதன் மேல் படலம் கட்டும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது முதல் படியிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். மோட்டார் பெட்டிக்குள் பல்லி முட்டை வைக்கும். மலையோரத்து மழைக்காற்றில் பிரீதரில் உள்ள சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸுக்கு மாறிவிடும்; மாற்றாவிட்டால் ஈரம் உள்ளே போகும். முன்பு கரியைக் கழுவ மூடியைத் திறந்த சாக்கில் இவை எல்லாம் கண்ணில் பட்டன. இப்போது திறப்பதற்குக் காரணமே இல்லாததால் கிட்டே போவதற்கும் ஆள் இல்லை. எண்ணெயில் கரைந்த வாயுவைச் சோதிக்கும் முறையிலும் ஒன்று தலைகீழாகிவிட்டது. பழைய வகையில் அசிட்டிலின் இருப்பது சகஜம், யாரும் கவலைப்பட மாட்டோம். வேக்கம் வகைத் தொட்டியில் அசிட்டிலின் கூடிக்கொண்டே வந்தால் எங்கேயோ வெளியில் ஆர்க் எரிகிறது என்று அர்த்தம். உடனே பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டைப் படிக்கிற பையன்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். இரண்டு பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

புதுப் பெட்டி வந்த அந்த வருட தீபாவளிக்கு ஃபோர்மேன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். காது மந்தம். நான் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"கறுப்பே வராதா?"

"வராதுண்ணே."

"ஸ்பிரிங்?"

"ஸ்பிரிங் இருக்குண்ணே. அது இல்லாம தாண்டாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப ஸ்பிரிங்கை யார் பாக்குறா?" என்றார்.

பெட்டியிலேயே கண்காணிப்பு இருக்கிறது, தாண்டல் முடியாவிட்டால் அலாரம் வரும், அப்புறம் ரிலே இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். "ரிலே அன்னைக்கும் இருந்துச்சு" என்றார். அவர் வீட்டம்மா அதிரசம் கொண்டுவந்து வைத்ததால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

மலைப்பக்கத்துக் கடைசி வீடுகளுக்கு வோல்டேஜ் இன்றைக்கும் டவுன் அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு டேப் சேஞ்சர் பொறுப்பல்ல. சப் ஸ்டேஷனில் 22 சரியாகக் கிளம்பினாலும் அத்தனை கிலோமீட்டர் கம்பியில் கொஞ்சம் தின்றுபோகும். ஆனாலும் 150 என்ற பேச்சு இப்போது இல்லை. குரங்கணி ரோட்டில் போகும்போது ஸ்டோர்களில் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டால் நான் வண்டியை நிறுத்திக் கேட்பேன். பேரன் கேலி செய்வான்.

2016 மே மாதம் நான் ரிட்டயர் ஆன அன்றைக்கு, மாலை போட்டு போட்டோ எடுப்பதற்கு முன்னால், யார்டுக்குப் போய் அந்தக் கவுன்ட்டரைப் பார்த்தேன். இருபதாயிரத்தைத் தொட இன்னும் சில நூறு பாக்கி. மோட்டார் பெட்டியின் கதவு ரப்பர் ஒரு மூலையில் விட்டிருந்தது. ஹெல்பரைக் கூப்பிட்டுக் காட்டி, பெவிகால் கொண்டுவரச் சொல்லி ஒட்ட வைத்துவிட்டுத்தான் மாலை வாங்கப் போனேன்.